விழுமியம்: ‘மதிப்பு’ நிற்கக் கூடாத இடம்

“இன்றைய இளையர்களிடம் மதிப்புகள் குறைந்துவிட்டன.” சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா தொடங்கிவிட்டால் ஏதாவதொரு மேடையில் இந்த வாக்கியம் வந்துவிடும். அண்மையில் ஒரு கலந்துரையாடலில் மறுபடியும் கேட்டேன். பேசியவர் சொல்ல வந்தது ‘வேல்யூஸ்’: வாழ்க்கையில் எதைப் பெரிதென்று நினைக்கிறோம், எதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்ற பேச்சு. கூட்டத்தினரோ ‘மதிப்பு’ என்றதும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். எம்ஆர்டி ரயிலில் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுப்பதில்லை என்றார் ஒரு பெரியவர். வீட்டுக்கு வந்தவர்களை ‘வாங்க’ என்றுகூடக் கேட்பதில்லை, கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள் என்றார் ஓர் அம்மா. மிச்ச நேரம் முழுக்க அதிலேயே போயிற்று. பெரியவர்களும் சேர்ந்து தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இளையர்மீது புகாராகச் சுருங்கிவிட்டது.

‘வேல்யூ’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் ‘வலேரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வலிமையோடிருத்தல், பெறுமானம் உடைத்தாதல் என்று பொருள். ஒரு சமூகம் உயர்வாகப் போற்றுபவை என்ற பன்மைப் பொருள் மிகப் பிற்பாடு ஏறியது. தமிழில் அந்தப் பொருளுக்கு உரிய சொல் விழுமியம். ‘விழு’ என்றால் சிறந்த, மேன்மையான. விழுப்பம், விழுமிய, விழுமியோர் எல்லாம் அதன் கிளைகள். ‘ஒழுக்கம் விழுப்பந் தரலான்’ என்பது குறள் 131. நன்னூல் சொல்லும் பத்து அழகுகளில் ஒன்று ‘விழுமியது பயத்தல்’. சொல் வடிவம் புதியது என்றாலும் வேர் பழையது.

சரி, ‘மதிப்பு’ என்றே சொன்னால் என்ன கெட்டுவிடும்? எளிமையாகத்தானே இருக்கிறது என்பார்கள். எனக்கு இதில் சமாதானமே இல்லை. மதிப்பு நல்ல சொல்தான். ஆனால் அது அடுத்தவர் நமக்குக் கொடுப்பது. ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு, பொருளுக்குச் சந்தையில் நல்ல மதிப்பு என்கிறோம். இப்போது ‘குடும்ப மதிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். காதில் விழுவது குடும்ப கௌரவம்.

1991ஆம் ஆண்டு அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை சிங்கப்பூரர்களுக்குப் பொதுவான ஐந்து விழுமியங்களை முன்வைத்தது. சமுதாயத்தின் அடிப்படை அலகு குடும்பம் என்பது அவற்றுள் ஒன்று. 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. 60 வயதாகி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர், பராமரிப்புத் தொகை கேட்டுப் பிள்ளைகள்மீது நடுவர் மன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அப்படி ஒரு தாய் போய் நின்றால் குடும்பத்தின் மதிப்பு போய்விட்டது என்று உறவுக்காரர்கள் புலம்புவார்கள். மகன் சோறு போடாதபோதே போய்விட்டது குடும்ப விழுமியம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், வெளியே சொன்ன தாய்தான் குற்றவாளி ஆகிறாள்.

‘மதிப்பீடு’ என்பவர்களும் உண்டு. ‘வாழ்க்கை மதிப்பீடுகள்’ என்று இதழ்களில் நிறையவே எழுதினார்கள். நம் ஊரில் மதிப்பீடு என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்கும்போது செய்வது. இல்லாவிட்டால் பள்ளியில் பிள்ளைக்குச் செய்வது. 2021 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு 4 முதல் 32 வரையிலான மொத்தப் புள்ளியாக வருகிறது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்ட பழைய முறை போனாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எவ்வளவு என்ற விசாரிப்பு போகவில்லை. எதையும் எண்ணால் அளக்கும் இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க வரும் கட்டுரையிலேயே ‘மதிப்பீடு’ என்று எழுதினால் அந்தக் கேள்வி எப்படி எடுபடும்?

விழுமியத்துக்கு நெருங்கிய ‘விழுமம்’ என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள் உண்டே என்று படித்தவர்கள் தடை சொல்வார்கள். உண்மைதான். தொல்காப்பிய உரியியல் சிறப்பு, துன்பம் என்ற இரண்டு பொருளையும் சொல்கிறது. ‘விழுமந் துடைத்தவர் நட்பு’ என்ற குறளில் அது துன்பமே. ஆனால் விழுமியம் ‘விழுமிய’ என்பதிலிருந்து ஆனது. அதில் துன்பத்துக்கு இடமில்லை.

இன்னொன்று. சமூகம் துரத்துவதெல்லாம் விழுமியம் ஆகிவிடாது. இங்கே ‘ஐந்து சி’ என்று ஒரு காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது, ஆங்கிலத்தில் ‘சி’ எழுத்தில் தொடங்கும் ஐந்து: ரொக்கம், கார், கடன் அட்டை, கூட்டுரிமை வீடு, உல்லாச மன்ற உறுப்பியம். இவற்றைப் ‘பொருளியல் விழுமியங்கள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லா? இவை நாட்டங்கள். நாகரிகமாகச் சொல்ல வேண்டுமென்றால் முன்னுரிமைகள். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் வரியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டு விலைக்கு மதிப்பு, தேர்வுக்கு மதிப்பீடு, ஆசைக்கு நாட்டம் என்று பிரித்து எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.