கண்ணை மூடச் சொல்வதற்கு முன்

"கண்ணை மூடுங்கள். உங்களுக்குள் அழுதுகொண்டிருக்கும் அந்தக் குழந்தையைத் தேடிப் போங்கள். அதற்கு என்ன நடந்தது என்று பாருங்கள்." இப்படி ஆரம்பிக்கும் ஆடியோவை ராத்திரி தனியாகப் படுத்தபடி கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து தூக்கம் கெட்டு, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட, என்னிடம் வந்து உட்காருகிறவர்கள் நின்றபாடில்லை. இந்த வாரமும் ஒருவர் வந்தார். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கற்பனை பழைய காயத்தை ஆற்றும். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. சின்ன வயதில் பட்ட கொடுமைகளால் பிடிஎஸ்டி (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனக்காயப் பாதிப்பு) வந்த 155 பெரியவர்களிடம் நடந்து, 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நினைவில் இருக்கும் காட்சியைக் கற்பனையில் மாற்றியமைக்கும் சிகிச்சை, நினைவை மனதில் வைத்தபடி கண்களை இடவலமாக அசைக்கச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை என இரண்டையும் அதில் ஒப்பிட்டார்கள். 90 நிமிடம் வீதம் அதிகபட்சம் 12 அமர்வுகள். இரண்டிலுமே அறிகுறிகள் வெகுவாகக் குறைந்தன. அங்கே எதிரில் ஒரு சிகிச்சையாளர் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் ஆடியோ விற்பவர்கள் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் எரிச்சல் தரும் நம்பிக்கை இதுதான்: "எல்லாத்தையும் மறுபடி நினைச்சு, அழுது கொட்டிட்டா தீர்ந்துடும்." தீராது. அன்றைக்கு உங்களை உடைத்தது அந்தச் செயல் மட்டுமல்ல. தப்பிக்க வழியில்லை, கேட்பதற்கு ஆளில்லை, எப்போது முடியும் என்று தெரியாது. இவையும் சேர்ந்துதான் உடைத்தன. இருட்டில், தனியாக, நிறுத்தத் தெரியாமல் அதே காட்சியை ஓட்டினால் இந்த மூன்றும் அப்படியே திரும்ப நடக்கின்றன. பழையதைக் கொட்டுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உடம்போ அதே பயத்தை இன்னொரு தடவை மனப்பாடம் செய்கிறது. நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறையான சிகிச்சை இருக்கிறது, மறுக்கவில்லை. அதில் எங்கே தொடங்குவது, எந்த அளவு கலக்கம் வரை போவது, முடிந்தபின் எதைப் பேசுவது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. அழுகை அங்கே தானாக வரலாம், வராமலும் போகலாம். எவ்வளவு அழுதீர்கள் என்பது குணமானதற்கு அளவுகோல் ஆகாது.

இன்னொன்று. "அழுது முடிச்சதும் ரொம்ப அமைதியாயிட்டேன்" என்பார்கள். பார்வை ஒரே இடத்தில் நிற்கிறதா, கை சில்லிட்டிருக்கிறதா, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறதா, அரை மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லையா? அது மரத்துப்போன நிலை. அமைதி என்று தயவுசெய்து நினைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் தனியாகச் செய்யத் தகுந்தவை கொஞ்சம்தான். முதலாவது, கற்பனையில் ஒரு பாதுகாப்பான இடம். பகலில், நாற்காலியில், முதுகு சுவரோரம் இருக்க, பாதம் இரண்டும் தரையில் பதிய உட்காருங்கள். படுக்கை வேண்டாம். கண்ணை மூட வேண்டிய கட்டாயமும் இல்லை. "கண்ணை மூடு" என்ற சொல்லையே கொடுமை செய்தவர் வாயிலிருந்து கேட்டவர்கள் நிறையப் பேர். தரையில் ஒரு புள்ளியைப் பார்த்தாலே போதும். கெட்டது எதுவும் நடக்காத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், உலகத்தில் இல்லாத இடமாக இருந்தாலும் சரி. சின்ன வயது வீடு வேண்டவே வேண்டாம். மனிதர்களையும் அங்கே சேர்க்காதீர்கள். பிரியமானவர் முகம்கூட இழப்பையோ சண்டையையோ கூடவே கூட்டிவரும். காட்சி தெளிவாகத் தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், மனக்கண்ணில் எதுவுமே தெரியாதவர்களும் உண்டு. தோலில் படும் வெயில், காற்று, காலடியில் மண்ணின் ஈரம் என்று தொடு உணர்விலிருந்து தொடங்கலாம். முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். பிறகு தினமும் ஐந்து நிமிடம், இரண்டு வாரம், மனசு நன்றாக இருக்கும் நாட்களில் பழகுங்கள். கலங்கியபின் புதிதாகக் கட்டப் பார்த்தால் கைகொடுக்காது.

கொடுமை செய்த ஆள் அந்த இடத்துக்குள்ளும் வந்துவிட்டால்? பலருக்கு வரும். மல்லுக்கட்டாதீர்கள். கண்ணைத் திறந்து அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாள் வேறு இடம் கட்டுங்கள், வேலியோடும் உள்ளிருந்து மட்டும் திறக்கும் கதவோடும். உடம்பு தளரும்போதே பயம் ஏறினால் அதுவும் சகஜம்தான். காவல் தளர்ந்தால் ஆபத்து என்று பழகிய உடம்பு அது. நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கற்பனையில் ஒரு பெட்டி. வேலை நடுவே மோதும் காட்சியை அடுத்த அமர்வு வரை பூட்டிவைக்க ஓர் உறுதியான பெட்டி, சாவி உங்களிடம். காட்சியை மட்டும் வையுங்கள். அந்தக் குழந்தையைப் பூட்டாதீர்கள். ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்த குழந்தை அது.

மூன்றாவது, கெட்ட கனவு. விழித்திருக்கும்போது கனவை உங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதி, மாற்றியதை மட்டும் தினமும் 10 முதல் 20 நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் அவதிப்பட்ட 168 பெண்களிடம் இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2001-இல் வந்தது. கனவுகள் குறைந்தன, தூக்கமும் மேம்பட்டது. ஆனால் இருப்பதிலேயே பயங்கரமான கனவில் தொடங்காதீர்கள். பத்துக்கு மூன்று அளவு தொந்தரவு தருவதை எடுங்கள். தொந்தரவு ஏழு என்ற அளவைத் தாண்டினால் உடனே நிறுத்திக் குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். இன்றைய தேதியையும் உங்கள் வயதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்றைக்கு இல்லாத ஒரு பொருளை அறையில் தேடிப் பாருங்கள், உங்கள் செல்போன்கூடப் போதும்.

நடந்த சம்பவத்துக்குள் போவது சிகிச்சையாளரோடு மட்டும். அங்கேயும் உச்சக் கொடுமை வரை போக வேண்டிய அவசியமில்லை. அதற்குச் சற்று முன்பே காட்சியை நிறுத்தி, இன்றைய நீங்கள் உள்ளே நுழைந்து அந்த ஆளைத் தடுத்து, "உனக்கு இப்போ என்ன வேணும்?" என்று குழந்தையைக் கேட்பதுதான் வேலை. பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். பெரியவராக வாசல்வரை வந்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள். அப்போது அந்தக் கற்பனைக் காட்சிக்குள் சிகிச்சையாளர் முதலில் நுழைவார், தேவைப்பட்டால் போலீசையும் கூட்டிவருவார். வேறு சிலர் உள்ளே போய்க் குழந்தையையே திட்டுவார்கள்: "ஏன் கத்தல?" உறைந்துபோன உடம்பால் கத்த முடியாது. அந்தத் திட்டு யாருடைய குரல் என்று பேசித் தீர்க்காமல் காட்சியை மேலே நகர்த்தக் கூடாது.

மறந்ததைத் தோண்டியெடுக்கக் கற்பனையைப் பயன்படுத்தவே கூடாது. நடக்காத ஒன்றைக் கற்பனை செய்தாலே, அது நடந்திருக்கும் என்ற நம்பிக்கை கூடுகிறது என்று 1996-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். 'யார் என்று பார்' என்று தூண்டினால் மனம் ஏதாவது ஒரு முகத்தைத் தரும். உங்களுக்கு நினைவிருப்பது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தெளிவாக இருக்கும் நினைவை இந்தத் தோண்டலில் கலக்கிவிடாதீர்கள் என்கிறேன். புகார் கொடுக்கும் எண்ணமிருந்தால், எந்தக் கற்பனைப் பயிற்சிக்கும் முன்பாக நினைவிருப்பதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள், வக்கீலிடமும் சொல்லுங்கள்.

கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தால் இதெல்லாம் அப்புறம். முதலில் அங்கிருந்து வெளியே வர உதவி தேடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, இல்லாத குரல்கள் கேட்டாலோ, நேரம் எப்படிப் போனது என்றே அடிக்கடி தெரியாமல் போனாலோ, தனியாக எதையும் முயலாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். நான் நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? நான் மரத்துப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அமர்வு முடிந்து நான் நிதானத்துக்கு வர எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் "என்னை நம்புங்க" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.