உள்ளே நிறைய ரத்தம், ஆனாலும் பட்டினி

"இதயம் முழுக்க ரத்தம்தானே டாக்டர் இருக்கு? அப்புறம் அதுக்கே ரத்தம் போகலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

ஆஞ்சியோ படத்தில் அடைப்பைக் காட்டிக்கொண்டிருந்தபோது நோயாளியின் மகள் கேட்டாள். பள்ளியில் படிக்கிற பெண். கூட வந்த பெரியவர்கள் "சும்மா இரு" என்று அதட்டினார்கள். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. பலருக்கும் வரும் சந்தேகம்தான், கேட்பதற்குத்தான் கூச்சம்.

மேசையில் இருந்த பிளாஸ்டிக் இதயத்தைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் வால்வுகள். ரத்தம் எங்கே வந்து எங்கே போகிறது என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது, அதை விடுங்கள். சுவரைப் பாருங்கள். வலது கீழறையின் வேலை பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளுவது. அதற்கு 25 மி.மீ. பாதரச அழுத்தம் போதும், சுவரும் மெலிது. இடது கீழறை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அனுப்ப வேண்டும். அங்கே அழுத்தம் 120. சுவரும் வலதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன்.

இந்தத் தடிமனில்தான் சிக்கலே இருக்கிறது. தவளைக்கு ஒரே ஒரு கீழறை. அதன் சுவர் பஞ்சு மாதிரி இருக்கும். உள்ளே வரும் ரத்தம் இடுக்கெல்லாம் புகுந்து தசையை நனைத்துவிடும். எலியானாலும் மனிதனானாலும் திமிங்கலமானாலும், பாலூட்டிகளின் கீழறைச் சுவர் நெருக்கிப் பின்னிய கெட்டித் தசை. அறைக்குள் இருக்கும் ரத்தத்தால் அதன் உட்பரப்பில் மிக மெல்லிய ஓர் அடுக்குதான் பிழைக்கும். மீதித் தசை முழுவதற்கும் வெளியிலிருந்துதான் ரத்தம் வந்தாக வேண்டும்.

"அப்போ தவளைக்கு மாரடைப்பு வராதா?" என்றாள். இந்த மாதிரி வராது என்றேன். அப்பாவே சிரித்துவிட்டார்.

அந்த வெளிக்குழாய்கள்தான் கரோனரி தமனிகள். பெருந்தமனி இதயத்தை விட்டுக் கிளம்பும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சின்ன வாய்கள் இருக்கின்றன. இடது வாயிலிருந்து கிளம்புவது இரண்டாகப் பிரிந்து, ஒன்று முன்பக்கமாக இறங்குகிறது, இன்னொன்று பக்கவாட்டில் சுற்றிப் பின்னால் போகிறது. வலது வாயிலிருந்து வருவது வலப்புறமாக வளைந்து அடிப்பக்கத்துக்குப் போகிறது. பெரிய கிளைகளே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை ஊருக்கெல்லாம் இறைக்கும் இதயம், ஓய்வாக இருக்கும்போது தனக்கென்று எடுத்துக்கொள்வது கால் லிட்டர் அளவுதான். அந்தக் கால் லிட்டரில் உள்ள ஆக்சிஜனில் முக்கால் பங்கை அப்போதே உறிஞ்சிவிடுகிறது. படி ஏறும்போது கூடுதலாக வேண்டுமென்றால், ரத்த ஓட்டம்தான் கூட வேண்டும். குழாய் குறுகியிருந்தால் எங்கிருந்து கூடும்? நடந்தால் நெஞ்சு இறுக்கி, நின்றால் விடுவது இதனால்தான்.

இன்னொரு விசித்திரம். மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது கீழறைத் தசைக்கோ அது விரியும்போதுதான் பெரும்பகுதி கிடைக்கிறது. சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. துடிப்பு வேகமாக ஆக, சாப்பிடும் நேரம் குறையும். நாங்கள் சிலருக்குத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை தருவதன் ஒரு காரணம் இது. "நாடி 58க்கு வந்துடுச்சு, பயந்துபோய் நிறுத்திட்டேன்" என்று வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. தலைசுற்றல், மயக்கம் இருந்தால் உடனே வாருங்கள். எண்ணை மட்டும் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்த நெஞ்சுவலி திரும்பலாம்.

சரி, வலிக்கு வருவோம். இதயம் இடது பக்கம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அது இருப்பது நடு எலும்புக்குப் பின்னால், இடப்புறம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து. மாரடைப்பு வலியும் பெரும்பாலும் நடுவில்தான், ஒரு புள்ளியாக இல்லாமல் பரவலாக. வந்து உட்காருகிறவர்கள் விரலால் தொட்டுக் காட்டுவதில்லை; உள்ளங்கையையோ மூடிய முட்டியையோ நெஞ்சில் வைத்து அழுத்துகிறார்கள். இதயத்தின் வலி நரம்புகளும், மார்பு, கையின் உட்புறம் ஆகியவற்றின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் போய்ச் சேர்கின்றன. மூளைக்கு முகவரி குழம்பிவிடுகிறது. தாடையிலும் முதுகிலும் வலிக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம்.

எனக்கு மறக்காத ஒருவர் உண்டு. ஐம்பதைத் தாண்டியவர். நடுராத்திரியில் நெஞ்சுக்குழியில் எரிச்சல், இரண்டு முறை வாந்தி, சட்டை பிழிகிற அளவு வியர்வை. வாயு என்று நினைத்து மாத்திரை போட்டுவிட்டு, விடியும்வரை வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறார். காலையில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. நாடி நாற்பதுக்கும் கீழே. ஈசிஜி எடுக்கும் முன்பே ஓரளவு புரிந்துவிட்டது: வலது கரோனரி.

இதயம் உதரவிதானத்தின்மேல், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையின்மேல், படுத்திருக்கிறது. அதற்கு நேர் கீழே இரைப்பை. இதயத்தின் அடிச்சுவருக்குப் பெரும்பாலானவர்களிடம் வலது தமனிதான் ரத்தம் கொடுக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் கணுவுக்கும் பெரும்பாலும் அதன் கிளைதான் போகிறது. அது அடைத்தால் நாடி விழும். வாந்தியைத் தூண்டும் நரம்பு முனைகளும் அடிச்சுவரில்தான் அதிகம். ஆக, அவர் வயிறு என்று நினைத்ததில் அவர் தப்பு ஒன்றுமில்லை. காத்திருந்ததுதான் தப்பு. குழாய் முழுதாக அடைத்த அரைமணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். செத்த இடத்தில் புதுத் தசை வராது, தழும்புதான் வரும். தற்காலிகப் பேஸ்மேக்கர் வைத்து, அடைப்பை நீக்கி அவரை வீட்டுக்கு அனுப்பினோம். ஆனால் அடிச்சுவரில் ஒரு பகுதி இன்றும் அசைவதில்லை.

நெஞ்சுக்குழி எரிச்சலுக்கெல்லாம் ஓடி வரச் சொல்லவில்லை. கூடவே வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாழ்நாளில் இப்படி வந்ததில்லை என்று தோன்றினாலோ வாயு என்று முடிவு கட்டாதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டும் வராதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

"போன மாசம்தான் ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. அது போன மாதத்து ஈசிஜி. அரைகுறையாகப் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு இன்றைக்கு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கலாம். மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கான விதி. அந்த முதல் ஈசிஜி சரியாக இருந்து வலி மட்டும் விடாமல் இருந்தால், இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம்.