விளையாட்டுப் பொருளைக் கூண்டில் மாட்டிவிட்டால் கிளி விளையாடாது

இரண்டு வாரத்தில் இப்படி என்னிடம் சிகிச்சைக்கு வந்த நான்காவது பறவை இது. நேற்று இரவு பத்து மணிக்கு ஒரு காக்கடீலை, அதாவது கொண்டையுள்ள சிறு கிளியை, துண்டில் சுற்றி எடுத்துவந்தார்கள். முளைத்து வளர்ந்துகொண்டிருந்த இறக்கை இறகுகள் இரண்டு முறிந்து, துண்டெல்லாம் ரத்தம். காலையில்தான் மணியும் சாயக்கயிறுமாக முழ நீளத்துக்கு ஒரு விளையாட்டுப் பொருளைக் கூண்டின் நடுவில் மாட்டியிருக்கிறார்கள். விளக்கை அணைத்த பிறகு அது ஆடிப் பறவையின் மேல் பட்டிருக்கிறது. மிரண்ட பறவை இருட்டில் கம்பிகளில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"நாலு நாளில் தானாகப் பழகிவிடும் என்று கடையில் சொன்னார்கள், டாக்டர்."

இந்தப் "பழகிவிடும்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். கிளி நாய்க்குட்டி அல்ல. பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகக்கூடிய உயிர் அது. பக்கத்தில் புதிதாக ஒன்று அசைந்தால் முதலில் பறந்துவிட வேண்டும், பிறகுதான் அது என்னவென்று பார்க்க வேண்டும் என்பதே அதன் பிறவிப் புத்தி. கூண்டுக்குள் எங்கே பறக்கும்? முதல் நாள் அலறும். இரண்டாம் நாள் மூலையில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு "பார்த்தீர்களா, பழகிவிட்டது" என்கிறார்கள். அது பழகவில்லை. தப்ப வழியில்லை என்று தெரிந்து ஓய்ந்துபோயிருக்கிறது.

சென்ற மாதம் வந்த ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கும் இதே கதைதான். புதுப் பொருளை உணவுக் கிண்ணத்துக்கு நேர் மேலே தொங்கவிட்டிருந்தார்கள். கிண்ணத்தை நெருங்க அஞ்சி, கையில் கொடுத்ததை மட்டும் தின்றுகொண்டிருந்திருக்கிறது. முந்தைய முறை 445 கிராம் இருந்த பறவை, தராசில் 398 காட்டியது. "சாதுவாகிவிட்டது" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார் வீட்டுக்காரர். பத்தில் ஒரு பங்கு எடை போவது பறவைக்குச் சிறிய விஷயம் இல்லை. சமையலறைத் தராசு போதும், வாரம் ஒருமுறை காலையில் எடை போட்டு எழுதி வையுங்கள்.

அந்தச் சாம்பல் கிளிக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். பொருளைக் கூண்டிலிருந்து எடுத்து, அறையின் எதிர்ப்பக்கத்தில், பறவையின் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பிறகு பறவையைப் பாருங்கள். இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, வெண்டைக்காய் போல் மெலிந்து நின்றால் அது பயம். சாம்பல் கிளியானால் உறுமவும் செய்யும். இன்னும் தள்ளி வையுங்கள். அந்தப் பொருள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்போதே இறகு கோதினால், இரை தின்றால், மறுநாள் ஒரு சாண் அருகே கொண்டுவரலாம். லவ் பேர்டு ஒரே பிற்பகலில் வந்து கடித்துப் பார்க்கும். சாம்பல் கிளிக்கு மூன்று வாரம் ஆகலாம். அவசரம் உங்களுக்குத்தான், அதற்கு இல்லை.

இடையில் நீங்கள் விளையாடுங்கள். பறவைக்கு எதிரே, அதைப் பார்க்காமல், பொருளைத் தட்டுங்கள், கிழியுங்கள், வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து வாங்குங்கள். கிளி கூட்டமாக வாழும் பறவை. நம்மவர்கள் தொடுகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தால்தான் அதற்குத் துணிவு வரும். கையில் பிடித்து அதன் மூக்கருகே நீட்டவே நீட்டாதீர்கள். அப்புறம் உங்கள் கையையும் சேர்த்து வெறுக்கும்.

விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். மக்காச்சோளத் தோகை, தென்னங்கீற்றுத் துண்டு, மருந்து தெளிக்காத கொய்யாக் குச்சி, வெள்ளைத் தாள் ஆகியவை போதும். தாளில் ஒரு சூரியகாந்தி விதையைப் பாதி தெரியும்படி மடித்துக் கொடுங்கள். காட்டில் பகலின் பெரும்பகுதி இரை தேடுவதிலேயே போகும். இங்கே கிண்ணத்தில் நிரப்பி வைத்துவிடுகிறோம், அப்புறம் அது என்னதான் செய்யும்? தாளை நார்நாராகக் கிழித்துத் தரையெல்லாம் போட்டால் திட்டாதீர்கள். அதுதான் அதன் விளையாட்டு.

துத்தநாகம் பூசிய சங்கிலி கூடாது. கிளி கொத்திக் கொத்தி விழுங்கி விஷமாகும். எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் வெள்ளை வெள்ளையாக உலோகத் துணுக்குகளைப் பார்த்தவள் சொல்கிறேன். கீறல் வெட்டிய சலங்கை மணி கூடாது, விரல் சிக்கும். பிரிந்த நூல்கயிறு கூடாது. அரளிக் குச்சி வேண்டவே வேண்டாம்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பறவை திடீரென்று நிறுத்தினால் அது கூச்சம் அல்ல, பெரும்பாலும் நோய். அன்றே கொண்டுவாருங்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நீங்களாகத் திறந்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

சாம்பல் கிளி பதினேழாம் நாள் மக்காச்சோளத் தோகை முடிச்சை ஒரு காலால் பிடித்து அவிழ்த்ததாம். வீட்டுக்காரர் காணொளி அனுப்பியிருந்தார். இந்த வாரம் எடை 431.

தயவுசெய்து, இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் கூண்டுக்குள் ஒருமுறை பாருங்கள். பறவை ஒதுங்கி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் என்ன தொங்குகிறதோ, அதைக் கழற்றி வெளியே வையுங்கள்.