கேமராவைப் பக்கவாட்டில் வையுங்கள்: மீட்புப் பணியாளருக்கு வீடியோ வழி ஆஸ்துமா பயிற்சி

தீயணைப்பு வீரரோ ஆம்புலன்ஸ் பணியாளரோ, அடுத்தவர் மூச்சுத் திணறுவதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். தன் நெஞ்சு இறுகினால் மட்டும் "புகை அடித்துவிட்டது, போய்விடும்" என்று தள்ளிப்போடுவார். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையம் இடிந்தபோது எழுந்த தூசியில் சிமென்ட், ஜிப்சம், கண்ணாடி இழைத் துணுக்குகள் கலந்திருந்தன. காரம் மிகுந்த அந்தத் தூசி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கியது. அங்கே இறங்கி வேலை செய்தவர்களில் பலருக்கு ஆஸ்துமா புதிதாக ஏற்பட்டு, வருடக்கணக்கில் நீடித்தது.

ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்பவர் கிளினிக்குக்கு வருவது கடினம் என்பதால் மட்டும் வீடியோ அழைப்பை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. அவர் அன்றாடம் எடுக்கும் அதே இன்ஹேலரை, வழக்கமாக எடுக்கும் விதத்திலேயே திரையில் பார்க்க முடிகிறது. "சரியாகத்தான் எடுக்கிறேன்" என்ற பதிலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அழைப்பில் முதல் கேள்வி, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" முகவரியையும் இன்னொரு தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் இளைப்பு முற்றினால் உதவியை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாதவருக்கு அன்றைக்குப் பாடம் வேண்டாம், உடனே சிகிச்சைதான் வேண்டும்.

அடுத்தது கேமரா. நேருக்கு நேர் வைத்தால் கை வாயை மறைத்துவிடும். பக்கவாட்டில், தலையிலிருந்து இடுப்பு வரை தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் இருண்ட நிறத்தில் ஏதாவது இருந்தால், வாயோரம் கசியும் மருந்து வெண்புகையாகத் தெளிவாகத் தெரியும். கசிந்தால் ஒன்று உதடு சரியாகப் பொருந்தவில்லை, இல்லையென்றால் அழுத்திய பிறகு தாமதமாக உறிஞ்சுகிறார். செயலியில் இரைச்சலை நீக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். மூச்சின் ஓசையை அது வெறும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும்.

ஸ்ப்ரே வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாயில் பொருத்தி, உறிஞ்சத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். 3 முதல் 5 விநாடி மெதுவாக உள்ளிழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். உடல் வலு மிக்கவர்கள் பெரும்பாலும் வேகமாக இழுத்துவிடுவார்கள். அப்போது மருந்து தொண்டையின் பின்சுவரிலேயே படிந்துவிடும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் ஸ்பேசர் என்ற குழலைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். பவுடர் இன்ஹேலருக்கு இதற்கு நேர்மாறு: பலமாக, வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், இன்ஹேலருக்குள் ஒருபோதும் ஊதக் கூடாது. மூச்சின் ஈரம் பட்டால் பவுடர் கட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த மருந்து என்றால் எடுத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரக்கூடும்.

பிறகு பீக் ஃப்ளோ மீட்டர், அதாவது மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் கருவி. நின்றபடி, முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் பலமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதிக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கும் இரண்டு வாரங்களில் காலையும் மாலையும் அளந்தால், அவருடைய உச்ச அளவு கிடைக்கும். அது நிமிடத்துக்கு 600 லிட்டர் என்றால், 480-க்கு மேல் பச்சை (நலம்), 300 முதல் 480 வரை மஞ்சள் (எச்சரிக்கை), 300-க்குக் கீழே சிவப்பு (ஆபத்து). வேலையால்தான் ஆஸ்துமா கிளறப்படுகிறதா என்று கண்டறிய, நாளுக்கு நான்கு முறை வீதம் சில வாரங்கள் அளந்து, பணி நாளா ஓய்வு நாளா என்று பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள். பணி நாட்களில் எண் இறங்கி விடுமுறையில் ஏறினால், அந்தத் தாளே மருத்துவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும்.

மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை மருத்துவர் ஒரு திட்டமாக எழுத்தில் தர வேண்டும். இளைப்பை உடனே தணிக்கும் நிவாரண மருந்தான சல்பூட்டமாலை மட்டும் நம்பியிருப்பவரிடம் ஒன்றைத் தயங்காமல் சொல்லிவிடுங்கள்: அது குழாயைத் தற்காலிகமாக விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டுதல் 2019 முதல், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சல்பூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதைப் பரிந்துரைப்பதில்லை. சிவப்பு என்றால் அவசர உதவியை அழைத்துவிட்டு, நேராக உட்கார்ந்து, திட்டத்தில் எழுதியபடி நிவாரண மருந்தை எடுக்க வேண்டும்.

மூச்சுக் கருவி அணிந்து புகைக்குள் இருக்கையில் நெஞ்சு இறுகினால், இன்ஹேலருக்காக முகமூடியைக் கழற்றவே கூடாது. கூட இருப்பவரிடம் சொல்லிவிட்டு இருவருமாக வெளியேற வேண்டும். இதைப் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள், ஏனென்றால் "பாதியில் விட்டு வந்தேன்" என்ற கூச்சம்தான் பலரை உள்ளேயே நிற்க வைக்கிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்ஹேலரை விட்டுவைப்பதும் ஆபத்து. சூடேறினால் அழுத்தக் குப்பி வெடிக்கக்கூடும், மருந்தின் அளவும் மாறிப்போகும்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி அழையுங்கள். இந்த முறை எதையும் விளக்காமல், "உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் செய்து காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். உறிஞ்சுவதற்கு முன் மூச்சை வெளியே விடுகிறாரா என்பதை முதலில் கவனியுங்கள். பெரும்பாலும் அதுதான் மறந்துபோகிறது.