துணி டிசைன் மேல் சுருள் வரைந்தால் கணக்கு ஆகிவிடுமா?

இந்த இன்டர்ன்ஷிப் சீசனிலும் வந்துவிட்டது. போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் ஒரு பூ டிசைன், அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோட்டில் தங்க விகிதச் சுருள் (அழகின் ரகசியம் என்று சொல்லப்படுகிற, ஏறத்தாழ 1.618 என்ற விகிதத்தில் விரிகிற சுருள்), கீழே 'கணிதமே என் இன்ஸ்பிரேஷன்' என்று ஒரு வரி. திருப்பூரில் பிரிண்ட் டிசைன் ஸ்டூடியோ நடத்துகிறவன் நான். இந்தச் சுருளைப் பார்த்துப் பார்த்து எனக்கே தலை சுற்றுகிறது.

"ரிப்பீட் அளவு என்னம்மா?" என்று அதைக் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டேன். ரிப்பீட் என்றால் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற கட்டம். அகலம் 25, உயரம் 40.5 சென்டிமீட்டராம். வகுத்தால் 1.62. தங்க விகிதம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் துணியில் அச்சடிக்கிற உருளையான ரோட்டரி ஸ்க்ரீனின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர். உருளை ஒரு சுற்று முடிக்கிற இடத்தில் டிசைனும் முடிந்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். உயரம் 64, 32, 21.33, 16 என்று வந்தால்தான் ஓடும். 40.5 வைத்தால் சுற்றுக்கு ஒரு முறை பூவின் கழுத்தை வெட்டியது போலத் துணியின் குறுக்கே கோடு விழும். "32-க்கு அமுக்கிக்கலாம் சார்" என்கிறாள். அமுக்கினால் அந்த விகிதம் என்ன ஆகும்?

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. கணக்கு என்றால் இதுதான் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் கூட்டில் தங்கச் சுருள் இருக்கிறது என்பார்கள். தங்கச் சுருள் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 6.85 மடங்கு விரியும். நாட்டிலஸ் விரிவது சுமார் 3 மடங்குதான். இரண்டும் சுருள் என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. ஏதென்ஸின் பழைய பார்த்தினான் கோயிலை அந்த விகிதத்தில் கட்டினோம் என்று எந்தக் கிரேக்கனும் எழுதி வைக்கவில்லை. படிக்கட்டிலிருந்து அளப்பதா, தூணிலிருந்து அளப்பதா என்பதை அளப்பவரே முடிவு செய்தால் எந்த எண்ணும் கிடைக்கும். பெரிய கம்பெனி லோகோக்கள் தங்க விகிதத்தில் வரைந்தவை என்கிற கதையும் இதேதான்: வட்டங்களையும் சுருளையும் பெரிதாக்கி, திருப்பி, நகர்த்திக்கொண்டே இருந்தால் எங்கேயாவது பொருந்தத்தான் செய்யும். சூரியகாந்தி விதைகளில் 34, 55 என்று ஃபிபொனாச்சி எண்கள் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற வரிசை) வருவது உண்மை. அதனால் உங்கள் குர்தா அழகாகிவிடாது. நீங்கள் தினமும் வரைகிற ஏ4 தாள்கூட 210-க்கு 297 மில்லிமீட்டர், விகிதம் 1.414. பாதியாக மடித்தாலும் விகிதம் மாறாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த எண் அது. எண்ணுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

சரி, டிசைனருக்கு வேலை செய்கிற கணக்கு எங்கே இருக்கிறது? ஒரு மாங்காய் மோட்டிஃப், அதாவது திரும்பத் திரும்ப வருகிற உருவம், எடுத்துக்கொள்ளுங்கள். நுனி ஒரு பக்கம் வளைந்திருப்பதால் எப்படித் திருப்பினாலும் வித்தியாசம் தெரியும். இதைப் பார்டராக ஓட்டுங்கள். எல்லா நுனியும் ஒரே பக்கம் பார்ப்பது ஒரு வகை. ஈர மணலில் நடந்த கால் தடம் மாதிரி மேலும் கீழும் மாறி மாறி வருவது இன்னொன்று. பக்கத்துக் காயின் முகம் பார்ப்பது, அரைச் சுற்று சுழன்று தலைகீழாக வருவது, நடுக்கோட்டுக்குக் கீழே பிம்பம் விழுவது என்று மேலும் மூன்று. இவற்றைக் கலந்தால் இன்னும் இரண்டு. ஆக ஏழு. எட்டாவது கிடையாது, நிரூபித்தாகிவிட்டது. புடவை உடல் முழுக்கப் பரப்பினால் 17 வகை. ரஷ்யப் படிகவியல் அறிஞர் ஃபெதரோவ் 1891-லேயே கணக்கை முடித்துவிட்டார். ஒரே மாங்காய், 17 துணி! இதில் ஐந்து மடங்குச் சுழற்சியை மட்டும் மறந்துவிடுங்கள். ஐந்து இதழ்ப் பூ வரையலாம், ஆனால் 72 டிகிரி சுழற்றினால் அப்படியே பொருந்துகிற ரிப்பீட் என்று ஒன்று இல்லவே இல்லை. இதை ராத்திரி முழுக்க முயன்று பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகளும் உண்டு, பாவம்.

"எனக்குக் கணக்கு வராது சார்" என்கிறவர்களுக்கு: ஒன்றோடொன்று பொருந்தும் உருவங்களை வரைந்து புகழ்பெற்ற டச்சு ஓவியர் எஷருக்கும் வராது. ஸ்பெயினின் கிரனடாவிலுள்ள அல்ஹம்ப்ரா அரண்மனை ஓடுகளை 1922-லும் 1936-லும் போய்ப் பார்த்து வரைந்தார். பிறகு, நிலவியலாளரான அண்ணன் காட்டிய கட்டுரைகளில் கணிதவியலாளர் போல்யா 1924-ல் எழுதியது ஒன்று இருந்தது. அதன் சூத்திரங்கள் புரியவில்லை. அதிலிருந்த 17 படங்களையும் கையால் பிரதி எடுத்துப் படித்தார். 2022-ல் 'தொப்பி' என்ற ஓடு வடிவத்தைக் கண்டுபிடித்த டேவிட் ஸ்மித் ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர், ஒரு வகையில் நம்ம ஆள். அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்தவர். (அந்த ஓடு தளத்தை நிரப்பும், ஆனால் ஒருபோதும் ரிப்பீட் ஆகாது. ரோட்டரிக்கு ஆகாது, டிஜிட்டல் பிரிண்டுக்குத் தாராளமாகக் கொண்டு வாருங்கள்.) கோலத்தை ஸ்கேன் செய்து துணியில் ஒட்டுகிறவர்களே, சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970-களிலேயே கோலத்துக்கு இலக்கண விதி எழுதினார்கள். படத்தை விட்டு விதியை எடுங்கள், புதுக் கோலம் உங்களுக்கே கிடைக்கும்.

அடுத்த முறை வரும்போது சுருள் பக்கத்தைக் கிழித்துவிட்டு வாருங்கள். ஒரு மோட்டிஃப், ஏழு பார்டர், கையால் வரைந்தது போதும். ரிப்பீட்டை இரண்டுக்கு இரண்டாக அடுக்கி, மூட்டுத் தெரிகிறதா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். பிக்சலில் எழுதினால் நான் படிக்க மாட்டேன். சுற்றளவு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.