பிள்ளையின் தகவல் பள்ளிக்குள் போன பிறகு

பள்ளிகளிலும் பொதுச் சேவை அலுவலகங்களிலும் தனிநபர் தகவல்கள் கையாளப்படும் விதத்தைத் தணிக்கை செய்வது என் தொழில். ஓர் இடத்துக்குச் சென்றதும் நான் முதலில் கேட்டு வாங்குவது, எதுவும் நிரப்பப்படாத ஒரு சேர்க்கைப் படிவத்தை. அதிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இது யாருக்குத் தேவை, எதற்குத் தேவை, எப்போது அழிக்கப்படும் என்ற மூன்று கேள்விகளை எழுதிவைத்து, அலுவலகப் பணியாளரோடு உட்கார்ந்து விடை தேடுவேன். அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை, யார் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பலாம் என்பவற்றுக்கு உடனே விடை கிடைத்துவிடும். பெற்றோரின் வருமானம், மதம், தாயின் கல்வித் தகுதி என்று வரும்போது, பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘முன்பிருந்தே இப்படித்தான் கேட்கிறோம்’ என்பதே. அதை நான் ஒரு காரணமாக ஏற்பதில்லை.

தகவல் பாதுகாப்பு என்றதும் பெற்றோர் இணையத் திருடர்களை எண்ணி அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் என் பணியில் நான் கண்ட பாதிப்புகளில் பெரும்பாலானவை, ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவல் வேறொரு காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் நேர்ந்தவை. அவற்றைச் செய்தவர்களில் அநேகமாக எவருக்கும் தீய எண்ணம் இருக்கவில்லை.

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி, இருப்பிடத்தை மறைத்து வாழ்ந்த ஒரு தாயின் மகள் படித்த பள்ளி நினைவுக்கு வருகிறது. நிலைமையைத் தாய் சேர்க்கையின்போதே தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தார். செய்தி அவரோடு நின்றுவிட்டது. மகள் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்றபோது, பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தைக் கவனித்துவந்த இளம் ஆசிரியர், சீருடையில் அவள் நிற்கும் படத்தைப் பெயரோடும் வகுப்போடும் மகிழ்ச்சியாகப் பதிவேற்றினார். இரண்டு நாள்களில் படம் நீக்கப்பட்டது. அதற்குள் பார்க்கக் கூடாதவர் பார்த்துவிட்டார்; தாயும் மகளும் மறுபடியும் இடம் மாற வேண்டியதாயிற்று. அந்த ஆசிரியரை நான் குறைகூற மாட்டேன். இந்தப் பிள்ளையின் படத்தை வெளியிடக் கூடாது என்ற ஒற்றை வரி அவரை வந்தடைய அங்கே வழியே இருக்கவில்லை.

அரசுத் துறைகளில் இதே பிழை மிகப் பெரிய அளவில் நடக்கக்கூடும். இங்கிலாந்தின் கல்வித் துறை, 14 வயது முதலானோரின் படிப்பு, தகுதி விவரங்களை ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. 2 கோடியே 80 லட்சம் பேர் வரையிலான பதிவுகள் அதில் இருந்தன. பயிற்சி நிறுவனம் என்ற பெயரில் நுழைவு உரிமை பெற்றிருந்த ஒரு நிறுவனம், சூதாட்டத் தளங்களில் கணக்குத் தொடங்குவோரின் வயதைச் சரிபார்க்க அந்தப் பதிவுகளைப் பயன்படுத்திவந்தது 2020இல் வெளிச்சத்துக்கு வந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2022இல் துறையைக் கண்டித்தபோது, அந்தத் தரவுத்தளத்துக்குள் செல்ல 12,600 அமைப்புகளுக்கு அனுமதி இருந்ததும் தெரியவந்தது. எந்தப் பூட்டும் இதில் உடைக்கப்படவில்லை. கொடுத்த சாவிகளை யாரும் எண்ணிப் பார்க்காததே இங்கு நடந்த தவறு.

‘பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே’ என்று பள்ளிகள் சொல்வதுண்டு. ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகராட்சியின் ஒரு பள்ளி, 22 மாணவர்களின் வருகையை முகம் அறியும் கேமராவால் மூன்று வாரம் பதிவுசெய்து பார்த்தது. பெற்றோரின் ஒப்புதலும் பெற்றிருந்தது. ஆனாலும் 2019இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா அபராதம் விதித்தது. பள்ளியைச் சார்ந்திருக்கும் குடும்பம் தரும் ஒப்புதலைச் சுதந்திரமான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பதும், பெயர் கூப்பிட்டாலே முடியும் வேலைக்கு முகத்தின் அளவுகளைச் சேகரிப்பது மிகை என்பதும் அந்த முடிவின் சாரம். என் பார்வையில் இது மிகச் சரியான தீர்ப்பு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் கைரேகையையும் என்ன செய்வது?

எத்தனை காலம் வைத்திருப்பது என்ற கேள்விக்குத்தான் மிகக் குறைவாக விடை கிடைக்கிறது. 2024 டிசம்பரில் வட அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றின் மாணவர் பதிவுகளைப் பராமரிக்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்துக்குள், திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு ஊடுருவல் நடந்தது. அதில் தன்னுடைய மாணவர் விவரங்களும் சிக்கியதாக அறிவித்த டொரண்டோ கல்வி வாரியம், 1985 வரை பின்னோக்கிச் செல்லும் பதிவுகள் அவற்றில் இருப்பதாகச் சொன்னது. அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நடுவயதினர். படித்தார், தேர்ச்சி பெற்றார் என்பதற்கான சான்றை நீண்ட காலம் வைத்திருக்க நியாயம் உண்டு. பழைய தொலைபேசி எண்ணையும் மருத்துவக் குறிப்பையும் அதோடு சேர்த்து வைத்திருக்க நியாயம் ஏதுமில்லை. இல்லாத தகவலை எவராலும் திருட முடியாது.

பிள்ளைகளின் தகவலைக் காக்கும் சட்டங்கள் வளர்ந்துவருகின்றன, ஆனால் குழந்தை யார் என்பதிலேயே அவை ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோரையே காக்கிறது. ஐரோப்பிய விதி 16 என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை இறக்கிக்கொள்ள விடுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு 18. ஆசிரியர் ஒருவர் புதிய கற்றல் செயலியை வகுப்பில் பரிந்துரைக்கும்போது இவற்றில் எதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகள் பரிந்துரைத்த கற்றல் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பத்தில் ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஊறு விளைவிக்கக்கூடிய வகையில் தரவைக் கையாண்டன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் என் தொழிலுக்கு நேர்மையாக இருக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் உடலில் காயங்களை ஆசிரியர் காண்கிறார். அதே பிள்ளை அடிக்கடி சிகிச்சைக்கு வருவதைச் செவிலியர் கவனிக்கிறார். இருவரும் ‘தனிநபர் தகவல்’ என்று வாய்மூடி இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. நான் அறிந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதுவும், ஆபத்திலிருக்கும் குழந்தையைப் பற்றி அதற்குரிய பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்வதைத் தடுப்பதில்லை. எதை, யாரிடம், ஏன் சொன்னோம் என்று தேதியோடு எழுதிவைத்தால் போதும். இதைப் பயிற்சிகளில் சொல்லும்போது ஆசிரியர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அண்மையில் ஒரு பள்ளியில், பதிவேடுகளைக் கவனிக்கும் அம்மையார் அந்த மூன்று கேள்விகளோடு இரண்டு மாதம் போராடினார். நான்கு பக்கப் படிவம் ஒன்றரைப் பக்கமானது. வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் மாணவர் பட்டியல்களைப் போடுவது நின்றது. படம் வெளியிடக் கூடாத பிள்ளைகளின் பட்டியல் இப்போது ஒவ்வொரு வகுப்பாசிரியரிடமும் இருக்கிறது. பள்ளியின் பக்கத்தில் பதிவேற்றுகிறவர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பதிவேற்றுகிறார்.