திருவருகைக் காலம்: சொல்லும் பொருளும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்தை மேலைத் திருச்சபை 'அட்வெந்து', அதாவது திருவருகைக் காலம், என வழங்கும். நவம்பர் 30-ஆம் நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று அது தொடங்குவதால், அதன் நீளம் ஆண்டுக்கு ஆண்டு 22 நாள் முதல் 28 நாள் வரை மாறுபடும்.

'அட்வெந்துஸ்' என்னும் இலத்தீன் சொல், ஒருவரை அல்லது ஓரிடத்தை நோக்கி வருதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருளும் அரசு விழாவுக்கு உரோமையர் இட்ட பெயரும் இதுவே. அன்று ஊரார் நகர வாயிலுக்கு வெளியே சென்று அவரை எதிர்கொண்டு அழைத்து வருவர். புதிய ஏற்பாட்டில் கிறிஸ்துவின் மறுவருகையைக் குறிக்கும் 'பரூசியா' என்னும் கிரேக்கச் சொல்லையும் இலத்தீன் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இச்சொல்லாலேயே பெயர்த்தது. ஆகவே இக்காலம் இயேசு பிறந்த பெத்லகேமை மட்டுமன்றி இறுதி நாளையும் நோக்கியது. 12-ஆம் நூற்றாண்டினரான கிளேர்வோ நகர்ப் பெர்னார்து இவ்விரண்டுக்கும் இடையே, உள்ளத்தில் மறைவாக நிகழும் மற்றொரு வருகையையும் சேர்த்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார்.

தமிழில் 'ஆகமன காலம்' என்னும் வழக்கும் உண்டு, ஆகமனம் வடசொல். கத்தோலிக்கர் வழங்கும் 'திருவருகைக் காலம்' என்பதே பொருத்தமான தமிழ் நிகர் என்பது என் துணிபு. அதற்கு இலக்கணமே சான்று. 'வரு' என்னும் பகுதியும் 'கை' என்னும் விகுதியும் சேர்ந்த தொழிற்பெயர் 'வருகை'. தொழிற்பெயர் காலம் காட்டாது. 'வந்தது' என்றால் பெத்லகேமோடு முடிந்துவிடும். 'வருவது' என்றால் இறுதி நாள் மட்டுமே நிற்கும். 'வருகை' இரண்டையும் தாங்குகிறது.

ஆயினும் வருகை என்பது வருபவரின் செயல். காத்திருப்பவரின் செயலுக்கு வேறு சொற்கள் வேண்டும். அவற்றுள் முதலாவது 'விழித்திருத்தல்'. மாற்கு நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் இயேசு இருமுறை கட்டளையாகச் சொல்லும் 'கிரேகொரெயிதே' என்னும் கிரேக்க வினை, 'எழுப்புதல்' எனப் பொருள்படும் வினையின் வழி வந்தது. உயிர்த்தெழுதலைக் குறிக்கவும் நற்செய்திகள் அந்த மூல வினையையே ஆளுகின்றன. கிரகோரி என்னும் பெயரும் இதே குடும்பத்தது. தமிழில் 'விழித்தான்' என்றால் கண் திறந்தான் என்றும் ஆகும், செய்வதறியாது திகைத்தான் என்றும் ஆகும். 'இரு' என்னும் துணைவினை சேர்ந்த பின்னரே அது நிலைத்து நீடிக்கும் விழிப்பாகிறது.

உடல் உறங்காமையா இது? மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் பத்துக் கன்னியர் உவமையைக் கூர்ந்து படித்தால் அல்ல என்பது விளங்கும். மணமகன் வரக் காலம் தாழ்த்தவே, அறிவிலிகள் ஐவர் மட்டுமல்லர், முன்மதியுடைய ஐவரும் உறங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில் குரல் கேட்டு எழும்போது வேறுபாடு கண்ணில் இல்லை, விளக்குக்கென எடுத்து வந்த எண்ணெயில் இருக்கிறது. அப்படியிருந்தும் உவமை 'விழித்திருங்கள்' என்றே முடிகிறது. இதைப் பலரும் கவனியாமல் கடந்துவிடுகிறோம்.

இரண்டாவது சொல் 'எதிர்நோக்கு'. இதில் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஒரு குழப்பம் உண்டு. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 13:13 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்று அமைய, 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பிலோ அதே மூன்றும் 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்றாயின. ஒருவர் வாயில் நம்பிக்கை என்பது மற்றவருக்கு வேறொன்றாகப் படுவது இதனால்தான். திருவருகைக் காலத்துக்கு 'எதிர்நோக்கு' நன்கு பொருந்துகிறது. எதிர்பார்ப்பு நாளையும் அளவையும் தானே குறித்துக்கொண்டு, அவை பிசகினால் ஏமாற்றமாகிவிடும். எதிர்நோக்கு வருபவர் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி வைத்திருப்பது.

எபிரேயத்தில் இதற்கு ஈடான 'திக்வா' என்னும் சொல் காத்திருத்தலைக் குறிக்கும் வினையோடு தொடர்புடையது. கயிறு என்றும் அதற்குப் பொருள் உண்டு. யோசுவா நூலின் 2-ஆம் அதிகாரத்தில், எரிகோ நகரம் வீழும் நாளில் தன் வீட்டார் தப்பிப் பிழைக்க வேண்டி அந்நகரத்துப் பெண் இராகாபு தன் சாளரத்தில் கட்டி வைத்த சிவப்புக் கயிற்றுக்கு அங்கே வழங்கும் சொல் அதுதான்.